ஆராயி மகளுக்கு நாலு முட்டை

சேலம் அலுவலகத்தில் கணினித் திரையைப் பார்த்ததும் தேவிப்ரியாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நான்கு என்று அவள் எழுதிக் கொடுத்த இடத்தில் ஒன்று என்று இருந்தது.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணைக் குடியிருப்பில் வீடு வீடாக உட்கார்ந்து, முந்தின நாள் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதியவள் அவள். கோழிக்குப் போடும் மருந்து முட்டை வழியாக மனிதர்களுக்குக் கெடுதல் செய்யுமா என்று பார்க்கத்தான் இந்தக் கணக்கெடுப்பு. ஒரு முட்டையில் எவ்வளவு மருந்து என்பதை ஆய்வகம் சொல்லிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முட்டை வயிற்றுக்குள் போகிறது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். பண்ணையில் வேலை செய்யும் ஆராயியின் மூன்று வயது மகள் சுகன்யாவுக்கு நான்கு என்று எழுதியிருந்தாள்.

"இத யாரு சார் மாத்துனது?"

"நான்தான்மா," என்றார் மேற்பார்வையாளர் சந்திரசேகர், டீயை ஆற்றிக்கொண்டே. "மூணு வயசுப் புள்ள நாலு முட்டை திங்குமா? கைதவறி எழுதியிருப்பீங்க. மத்த ஊருங்கள்ல சராசரி அரை முட்டைதான். நான் படிவத்துலயும் ஒண்ணு போட்டேன். அதுவே தாராளம்."

தாராளமாம்! யார் வீட்டுப் பிள்ளை வயிற்றுக்கு யார் தாராளம் காட்டுவது? கீறல் விழுந்த முட்டை லாரி ஏறாது. பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கு அதைத் தட்டுத் தட்டாகச் சும்மா கொடுத்துவிடுவார்கள். அந்த வீடுகளில் குழம்பும் அதுதான், பிள்ளை அழுதால் கையில் கொடுப்பதும் அதுதான். அதிகம் சாப்பிடுகிறவர்களைக் கணக்கிலிருந்தே அடித்துவிட்டு ஆபத்தைக் கணக்குப் போடுகிறாராம், பெரிய மனுஷர்!

"பன்னண்டு கிலோ புள்ள சார். ஒண்ணுன்னா மருந்து அனுமதிச்ச அளவுக்குள்ள நிக்கும். நாலுன்னா தாண்டிரும். அதையாவது பாத்தீங்களா?"

"அறிக்கை நாளைக்குப் போகணும்மா."

"அப்ப இன்னிக்கே வாங்க. கண்ணால பாத்துட்டு அப்புறமா மாத்துங்க."

காலையிலிருந்து பச்சைத் தண்ணி கூடக் குடிக்கவில்லை என்று சந்திரசேகர் பஸ்ஸில் வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தார். தான் குடித்த டீ அவருக்கே மறந்துவிட்டது போலிருக்கிறது.

ஆராயி அப்போதுதான் பண்ணையிலிருந்து வந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க சாமி, உக்காருங்க," என்று பாயைப் போட்டாள். சுகன்யா ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"காத்தால எத்தன சாப்பிட்டா?" என்று கேட்டாள் தேவிப்ரியா.

"ரெண்டுங்க."

சந்திரசேகர் மனதுக்குள் கூட்டினார்: இரண்டும் இரண்டும் நான்கு. ஆராயி அவரைப் பார்த்துக் கேட்டாள். "ஏனுங்க சார், முட்டை புள்ளைக்கு நல்லதுதானுங்களே?"

"ஒண்ணும் ஆகாதும்மா. பயப்படாம குடுங்க."

ஆராயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான்கு முட்டையை உரித்துத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். "அப்ப நீங்களும் சாப்புடுங்க சாமி. பசியோட வந்திருப்பீங்க."

அவர் தட்டைப் பார்த்தார். ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இல்லம்மா, இப்பத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தேன்."

ஆராயி ஒன்றும் அறியாதவள் இல்லை. அந்தக் கையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகள் கையிலிருந்த பாதி முட்டையைப் பிடுங்கினாள். சுகன்யா வீறிட்டு அழுதாள்.

"எழுதுங்க சார். நாலு," என்று படிவத்தை நீட்டினாள் தேவிப்ரியா. அவர் குனிந்தபடியே ஒன்றை அடித்துவிட்டு நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. மூன்று நாளைக்கு முன் இதே பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனாளே, அப்போது அவள் மட்டும் என்ன, மருந்தைப் பற்றி வாயைத் திறந்தாளா?

"எளுதியாச்சுங்களா?" என்றாள் ஆராயி. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். "அப்ப நாளைக்கு எம்புள்ளைக்கு என்னத்தக் குடுக்கறதுன்னு அதையும் எளுதிட்டுப் போங்க."