நாற்பத்தேழாம் நம்பர் செடி

காலை பத்து மணிக்குச் சுதா பிடுங்கிப் போட்ட செடியைப் பற்றி, பன்னிரண்டு மணிக்கு சபீனா மேடம் போன் செய்தார்.

"சுதா, நாப்பத்தேழாம் நம்பர் காபிச்செடி நம்ம வெயிலைத் தாங்குதுன்னு ரிப்போர்ட் வந்திருச்சு. நானூறுல அது ஒண்ணுதான். யாரும் தொடாம பாத்துக்கங்க. பூந்தமல்லி தாண்டிட்டேன்."

நாற்பத்தேழு என்று எழுதிய சீட்டு மட்டும் வெறும் மண்ணில் குத்தி நின்றது. கம்பெனிப் பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள், வரிசையை ஒழுங்குபடுத்துங்கள் என்று நேற்றுச் சொன்னது இதே மேடம்தான். எட்டு வருஷம் குரோட்டன்ஸ் நர்சரியில் பழகிய கைக்கு ஒழுங்கு என்றால், மற்றதைப் போல் இல்லாத செடியைப் பிடுங்குவது. பிளாட்காரர்கள் ஒரே மாதிரி செடியைத்தானே வாங்குவார்கள். நசரத்பேட்டை ஆராய்ச்சிக் கம்பெனியின் இந்த வலைப் பந்தலிலோ, இலைக்கு இலை என்ன வித்தியாசம் என்று பார்க்கத்தான் சம்பளமே. அது அவளுக்குத் தெரியாமலா? நாலு மாதமாக ஸ்கேல் வைத்து இலைகளை அளந்தவள் அவள்தான். தெரிந்து என்ன, செம்பு நிற நுனியோடு ஒல்லியாகச் சுருண்ட இலையைக் கண்டதும் கை பழையபடி போய்விட்டது.

பின்பக்கக் குப்பைக்கு ஓடினாள். செடி துவண்டு கிடந்தது, ஆணிவேர் பாதியில் அறுந்திருந்தது. வேலை போச்சு என்று நினைத்ததும் பந்தலுக்குத் திரும்பி ஓடினாள்.

முப்பத்தொன்றாம் செடிக்கும் ஒல்லி இலைதான். அதன் சீட்டைப் பிடுங்கிவிட்டு நாற்பத்தேழைக் குத்தினாள். முப்பத்தொன்று பட்டுப்போச்சு என்று நோட்டில் எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

சபீனா வந்ததும் வராததுமாக அந்தச் செடி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஆறு வருஷம், சுதா. இனிமே இதுல இருந்துதான் ஆயிரக்கணக்குல கன்னு எடுக்கப்போறோம்."

ஆயிரம் கன்றும் முதல் கோடையிலேயே கருகி நிற்பது சுதாவின் கண்ணுக்குத் தெரிந்தது. வேலை போகிற பயத்தை விட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

"இது இல்ல மேடம். அத்த நான் காலைலயே புடுங்கிட்டேன். குப்பைல கீது. பயந்துகினு சீட்ட மாத்தி வச்சிட்டேன்."

சபீனா எழுந்து பின்பக்கம் போனார். குப்பையிலிருந்து செடியை எடுத்து, தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இருந்தது.

"நாலு துண்டு தேறும். வேர் விடுதான்னு தெரிய மூணு மாசம் ஆகும்." பிளேடை எடுத்தவர் சுதாவிடம் நீட்டினார். "நாலு மாசமா இதை அளந்தது உங்க கைதான். நீங்களே வெட்டுங்க."

சுதா வெட்டினாள். முதல் துண்டு நசுங்கிவிட்டது. மீதி மூன்று இருந்தன.