ஈ மொய்த்த கொல்லை

முத்துக்கனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். பின்னே என்ன! அவள் ஐயா செந்தூர்பாண்டி, மில்லர்புரமே அறிந்த கருப்பட்டி வியாபாரி, அடுத்த வீட்டுக் கொல்லையில் மண்வெட்டியோடு நிற்கிறார்!

உலகச் சண்டைக்காலம். சீனிக்கு ரேஷன், கருப்பட்டிக்குக் கிராக்கி. கொழும்புத் தோணிக்கு வைத்திருந்த எட்டுச் சிப்பம் கருப்பட்டி காணாமல் போனதும், அடுத்த வீட்டுச் சிவனணைந்தபெருமாள்தான் எடுத்தார் என்று ஐயா ஒரே பிடி. பெருமாள் மகன் ராஜதுரைக்கும் முத்துக்கனிக்கும் பேசி வைத்த கல்யாணம் அதோடு நின்றது. அந்த எளவெடுத்த கருப்பட்டிக்காக மூணு மாசமாய் அழுதிருக்கிறாள்.

இன்று காலை, வேலிக்கு அந்தப் பக்கம் தேனீக்கள் மண்ணுக்குள் போவதும் வருவதும் ஐயா கண்ணில் பட்டுவிட்டது.

“கருப்பட்டி இல்லாத இடத்துல தேனீக்கு என்ன சோலி? புதைச்சு வச்சிருக்கீரு!”

“தாராளமாத் தோண்டும். மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்” என்றார் பெருமாள்.

கருப்பட்டியிலேயே பிறந்து வளர்ந்த மனுசனுக்கு வேறென்ன தோன்றும்? முத்துக்கனிக்கு அந்த ஈக்களை நன்றாகத் தெரியும். ராஜதுரையைப் பார்க்க வேலியோரம் நிற்கும்போதெல்லாம் பார்த்ததுதான். வயிற்றில் நீலக்கோடு. கூட்டுக்குடும்பம் கிடையாது. ஒவ்வொன்றும் தனக்குத் தானே வளை தோண்டித் தனிக்குடித்தனம் நடத்தும்.

சொல்லியிருக்கலாம். சொன்னாளா?

“இல்லைன்னா என்ன செய்வீய ஐயா?” என்றாள், தெருவே கேட்கும்படி. ஓடிப்போய்ச் சூடமும் எடுத்து வந்தாள்.

ஐயா கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். “இல்லைன்னா என் மகளை இந்த வீட்டுக்கே கட்டிக்கொடுக்கேன். சத்தியம்!”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “ஆழமா வெட்டுங்க ஐயா! அங்கன, அங்கன!”

முழங்கால் ஆழத்தில் ‘ணங்’கென்றது.

சிரிப்பு செத்தது. ஈக்களைத் தெரியும், சரி. மாமனாரைத் தெரியுமா? பானையோ? ஐயோ, செந்தூர் முருகா, இருக்கக் கூடாதே!

ஐயா மண்ணைத் தள்ளினார். கல். வெறும் கல்!

உச்சிவெயில் வரை வெட்டியும் கிடைத்ததெல்லாம் சுண்டுவிரல் நகமளவு மண்கூடுகள். உள்ளே மஞ்சளாய் ஒரு துளி. வியாபாரியல்லவா, நாக்கில் வைத்துப் பார்த்தார். புளித்தது. தெரு கொல்லென்று சிரித்தது.

“ஏளா, இது வெறும் ஈக்கூடுன்னு உனக்கு முன்னமே தெரியுமா?”

“தெரியும்யா.”

ஐயா முறைத்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை, குழிக்குள்ளேயே உட்கார்ந்து குலுங்கிச் சிரித்தார்.

“ஓய் பெருமாளு, அபாண்டமாப் பழி போட்டுட்டேன். மன்னிச்சிடும்வே.”

“அது கெடக்கட்டும் சம்பந்தி. கொல்லை பூரா வெட்டிட்டீரே, பந்தக்கால் நட ஒரு குழி போதும்லா?”