ஒட்டுக்கு மேலே

அக்கா வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றே அவர்கள் வீட்டுத் தோட்டத்துக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது. முப்பது வருஷம் கோப்புகளைத் தவிர எதையும் தொடாத மனுஷன், ஆறே ஆறு வீடியோ பார்த்துவிட்டு மர நிபுணர் ஆகிவிட்டார். தொப்பி என்ன, கையுறை என்ன, இடுப்பில் உறை போட்ட கத்தரி என்ன! ரோஜாச் செடியை நெருங்கும்போதுகூடப் போருக்குப் போகிறவர் மாதிரிதான் போவார்.

முதலில் வேலிச்செடிகள் போயின. பந்து மாதிரி ஆக்குகிறேன் என்று இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் குறைத்து, கடைசியில் தேங்காய் அளவில் கொண்டுவந்து நிறுத்தினார். அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். எனக்கு! இருபது வருஷமாக வீடு வீடாகப் போய் மரம் செடிகளை வெட்டிக் கவாத்து செய்து பிழைக்கிறவன் நான். பொறுக்க முடியாமல் ஒரு தடவை வாயைத் திறந்தேன்.

"கூலிக்கு வெட்டுறவங்களுக்கு வேகம்தான் முக்கியம் மச்சான். எனக்கு அழகு முக்கியம்" என்றார்.

அதோடு அவருக்குப் புத்தி சொல்வதை விட்டுவிட்டேன்.

பின்பக்கம் அக்காவின் மரம் இருந்தது. நெஞ்சு உயரக் காட்டுத்தண்டில் அவளே தன் கையால் ஒட்டுக் கட்டி வளர்த்தது. ஒட்டுக்கு மேலிருந்து கிளைகள் தரையைப் பார்த்துத் தொங்கும். ஒட்டுக்குக் கிளை எடுத்த தாய்மரம் பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த வீட்டை இடித்தபோது அதையும் சாய்த்துவிட்டார்கள். நாலு வருஷம் காத்திருந்து, இந்த வாரம்தான் முதல் மொட்டுகளைப் பார்த்தாள். பூ என்ன நிறம் என்று எனக்குத் தெரிந்திருந்தும் தினமும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒட்டுக்குக் கீழே காட்டுத்தண்டிலிருந்து ஒரு குச்சி விறைப்பாகக் கிளம்பியிருந்தது. அதில் அந்தப் பூ வராது; பார்த்ததும் கிள்ளி எறியவேண்டிய குச்சி. நேற்று நான் போனபோது அக்கா கடைக்குப் போயிருந்தாள். மாமா அந்தக் குச்சியைத்தான் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, எவ்வளவு நேரா போகுது! மத்ததெல்லாம் சோம்பேறிக் கிளை, தொங்கிக்கிட்டு."

சொல்லிவிட்டு ரம்பத்தை ஒட்டுக்குக் கீழே, அந்தக் குச்சிக்குச் சற்று மேலே வைத்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெட்டட்டும், இன்றைக்கு இவர் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறட்டும் என்று சுவரில் சாய்ந்து நின்றேன். தலை முழுசாக விழுந்தது. தொங்கிய கிளைகளை மொட்டோடு இழுத்துப்போய், புதிதாக வாங்கிய இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கினார். உரமாம்.

அக்கா வந்தாள். பையைக் கீழே வைக்காமலே வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தாள்.

"இனிமேதான் இது மரம் மாதிரி வளரும்" என்றார் மாமா, பெருமையாக.

நான் இதற்குத்தானே காத்திருந்தேன்! "அது காட்டுக் குச்சிக்கா. இந்தாளுக்கு ஒட்டுன்னா என்னன்னே தெரியாது" என்றேன்.

"அவருக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "வெட்டுறப்ப நீ எங்கடா இருந்த?"

"வேற நல்ல ஜாதி கொண்டாந்து நானே ஒட்டித் தரேன்க்கா."

"எங்க இருந்தன்னு கேட்டேன்."

"இங்கதான்" என்றேன்.

மாமாவைப் பார்க்கவேண்டிய பார்வையால் என்னைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள்.