குடிக்காமல் வைத்த கோப்பை

பெண் கேட்டு அம்மான் நகரத்திலிருந்து இரண்டு பேருந்து நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். மாடிக்கு விடப்பட்டது மூன்றே பேர். மற்றவர்கள் கோட்டும் சூட்டுமாக டமாஸ்கஸ் வெயிலில் தெருவோரம் நின்றார்கள். வாசலில் இருந்த அரசாங்கக் காவலர்கள் அந்த மூவரையும் தடவிப் பார்த்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, மாப்பிள்ளையின் பேனாவைக்கூடப் பிரித்துப் பார்த்த பிறகே மேலே அனுப்பினார்கள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் இப்படியொரு மரியாதை வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

பெண்ணின் அப்பா அபூ சைஃப் எழுந்து கைகொடுத்தார். ஜன்னலுக்கு எதிரே எங்கே உட்காரலாம், எங்கே கூடாது என்பதை மெய்க்காவலன் மர்ஸூக் எப்போதோ முடிவு செய்துவிட்டான். திரை எந்நேரமும் மூடியே கிடக்கும். எரிவாயு விற்கிறவன் சிலிண்டரைத் தட்டினால் பொழுது விடிந்துவிட்டது என்று அவர் தெரிந்துகொள்வார்.

அகதி முகாம் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து துப்பாக்கி எடுத்தவர், பிறகு ஓர் இயக்கத்தின் பொதுச்செயலாளர். அம்மான் துரத்தியது. பெய்ரூத் கப்பலேற்றியது. தூனிஸ் சலித்துக்கொண்டது. கடைசியில் டமாஸ்கஸ் அவரை விருந்தாளி என்று வைத்துக்கொண்டது. இந்த விருந்தாளி வாசல்வரை போகலாம். மனைவி இறந்தபோது ஜனாஸாவின் பின்னால் நடக்கக்கூட அவரை விடவில்லை. இயக்கமோ உடைந்து உடைந்து ஒரு வேனுக்குள் அடங்கிவிட்டது. அறிக்கையில் மட்டும் ‘நமது பெருந்திரள் மக்கள்’ என்றே எழுதுவார். எழுதும்போது அவருக்கே சிரிப்பு வரும்.

வெளியிலிருந்து தினமும் அவரிடம் வருகிற ஒரே ஜீவன் மகள் லமீஸ். மருந்துக்கடையில் வேலை. ரொட்டிக்கடை வரிசையில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், எந்த வீட்டு மல்லிகை மதில் தாண்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டே காய் நறுக்குவாள். அவள் சொல்லும் தெருவில்தான் அவர் இத்தனை வருஷமாக நடந்துகொண்டிருந்தார்.

அவளைத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள். அம்மானில் அவர் கால் வைத்தால் தூக்குக்கயிறு. மாப்பிள்ளை வீட்டார் யார் யாரையோ பிடித்து அவளுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. போனால் போனதுதான், அப்பனோடு போக்குவரத்து கூடாது.

“வேணாம்னு சொல்லிடுங்க, இருந்துடறேன்” என்று முந்தின நாள் லமீஸ் சொல்லியிருந்தாள். “கோவிச்சுக்க மாட்டேன்.”

“நான் எதுக்கு வேணாங்கணும்?”

“உங்க அறிக்கைல வர்ற பெருந்திரள் மக்களே நான் ஒருத்திதானே. நானும் போயிட்டா யாருக்கு எழுதுவீங்க?”

இப்படித்தான் பேசுவாள். சைஃப் என்று அவருக்கு மகனே கிடையாது. போராளிக்கு ஒரு பெயர் வேண்டும், ‘அபூ சைஃப்’, அதாவது ‘சைஃபின் தந்தை’, என்றால் மிடுக்காக இருந்தது, வைத்துக்கொண்டார். சின்ன வயதில் லமீஸ், “சைஃப் அண்ணன் எப்ப வருவான்?” என்று நச்சரிப்பாள். விவரம் தெரிந்த பிறகு, தட்டில் கடைசித் துண்டு மிஞ்சினால், “அதை எடுக்காதீங்க, சைஃபுக்கு” என்பாள்.

மர்ஸூக் காப்பி கொண்டு வந்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இத்ரீஸ் ஹாஜியார் கோப்பையை வாங்கி, வாயில் வைக்காமல் மேசைமேல் வைத்தார். ஒரு காலத்தில் அபூ சைஃபோடு ஒரே பதுங்குகுழியில் படுத்தவர். இயக்கத்தை விட்டுவிட்டு இப்போது அம்மானில் தரை ஓடு விற்கிறார். பெண் கேட்க வந்தவர், வழக்கப்படி, கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார். கிடைக்காவிட்டால் கோப்பையை அப்படியே விட்டு எழுந்து போவார். ஒரு வீட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

“உங்க பொண்ணு லமீஸை எங்க பையன் நஸீமுக்குக் கேட்டு வந்திருக்கோம்” என்றார் ஹாஜியார்.

அபூ சைஃப் தொண்டையைச் செருமினார். “நல்லது. ஆனா இந்த விஷயத்தைப் பல கோணத்துல பார்க்க வேண்டியிருக்கு. இப்போ நிலவுற சூழ்நிலைல…”

“யோவ், நான் பொண்ணு கேட்டேன். நீ எனக்கு அறிக்கை வாசிக்கறே.”

“மத்தியக் குழுல ஒரு வார்த்தை கேக்காம…”

“உன் மத்தியக் குழு அதோ கதவோரம் நிக்குது. ஏம்ப்பா மர்ஸூக், உனக்குச் சம்மதமா?”

“நான் பாதுகாப்பு மட்டுந்தான், ஹாஜியாரே” என்றான் மர்ஸூக். “கேக்கறதால சொல்றேன். கீழ செருப்பைக் கழட்டச் சொன்னப்ப மாப்பிள்ளை சாக்ஸ்ல ஓட்டை. அதை மறைக்காம நின்னாரு. நல்ல பையன்.”

நஸீம் காலை உள்ளிழுத்துக்கொண்டான்.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. எத்தனையோ பிள்ளைகளை எல்லை தாண்ட அனுப்பும் உத்தரவில் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவர் அபூ சைஃப். பலர் திரும்பவில்லை. அந்தப் பக்கம், பேருந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் செத்தார்கள். “அவங்களுக்கும் பொண்ணுங்க இருந்திருக்கும்ல, அப்பா?” என்று லமீஸ் ஒருமுறை கேட்டாள். அவர் அறிக்கை மொழியில் ஒரு பதில் சொன்னார். அவள் மறுபடி கேட்கவில்லை. இன்று ஒரே ஒருத்தியை எல்லை தாண்ட அனுப்ப, அதுவும் சாவதற்கல்ல, வாழ்வதற்கு, அவருக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் ஒன்று அவருக்கு உறைத்தது. பெண் கேட்டு ஆள் வந்திருக்கும் வீட்டில் இந்நேரம் குனாஃபா இனிப்பு மணக்க வேண்டும். சம்மதம் என்றதும் சுடச்சுட எடுத்து வருவதற்காக நெய்யும் பாலாடைக்கட்டியும் அடுப்பில் உருகிக்கொண்டிருக்க வேண்டும். எந்த மணமும் இல்லை. அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. அப்பா வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு, சத்தம் காட்டாமல் சமையற்கட்டில் நின்றிருக்கிறாள்.

“மர்ஸூக்” என்றார். “காப்பி ஆறிப்போச்சு. எடுத்துட்டுப் போ.”

நஸீமின் முகம் வெளுத்தது. ஹாஜியார் முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்தார்.

“உக்காருய்யா. ஆறின காப்பில சம்பந்தம் வேணாம்னு சூடா வேற போடத்தான் எடுக்கச் சொன்னேன்.”

“வேற காப்பி வர்றதுக்குள்ள நீ ஒரு திருத்தம் கொண்டு வருவே. உன்னை எனக்குத் தெரியாதா?” ஹாஜியார் கோப்பையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். “இதையே குடிக்கச் சொல்லு.”

“குடி” என்றார் அபூ சைஃப்.

ஒரே மடக்கு. சம்பந்தம் முடிந்ததற்கு அடையாளமாகப் பாத்திஹா ஓதினார்கள். அது கேட்டுச் சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவையிட்டதும், தெருவில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.

“அடுப்பைப் பத்தவைம்மா” என்று உள்ளே பார்த்துச் சொன்னார். குரல் கொஞ்சம் பிசிறியது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

குனாஃபா வர நேரமாயிற்று. எல்லோரும் சாப்பிட்டார்கள், கீழேயும் தட்டுகள் போயின. லமீஸ் கடைசியாக ஒரு துண்டை அப்பாவின் பக்கத்தில் வைத்தாள்.

“இது சைஃபுக்கு” என்றாள். “இனிமே அவன்தான் உங்களைப் பாத்துக்கணும்.”

மாதக் கடைசியில் அவள் அதே மாதிரிப் பேருந்து ஒன்றில் போனாள். போகும் முன்பும் குனாஃபா செய்து, ஒரு துண்டைத் தட்டில் விட்டுவிட்டுத்தான் போனாள். அவர் மூடிய திரைக்கு இந்தப் பக்கம் நின்று, பேருந்து தெருமுனை திரும்பும் சத்தத்தைக் கேட்டார். வெகுநேரம் கழித்து மர்ஸூக் தட்டைத் தொட்டான்.

“எடுத்துடட்டுமா, தலைவரே?”

“இருக்கட்டும்” என்றார். “அவன் வர நேரமாகும்.”