நிரந்தரமாக மூடப்பட்ட சாவிக்கடை

இதில் வருகிற ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் கூண்டில் ஏறி, கையைத் தூக்கி, தண்ணீர்கூடக் குடிக்காமல் சொல்லத் தயார். சந்தேகப்படுகிறவர்கள் அந்தத் தெருவுக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம். லாண்டரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் இரண்டு கையையும் நீட்டினால் சுவரில் இடிக்கிற அகலத்தில் ஒரு கடை இருக்கும். அதுதான் சாவிக்காரருடைய கடை.

சாவிக்காரரால் திறக்க முடியாத பூட்டு ஒன்றே ஒன்றுதான். அதை அவரே பதினொரு வருஷம் உட்கார்ந்து செய்தார். மற்றதெல்லாம் அவர் கைபட்டால் வாயைப் பிளந்துவிடும். ஒருமுறை சாவி தொலைந்த பீரோ ஒன்றின் முன்னால் நின்று லேசாக இருமினார், பீரோ திறந்துகொண்டது. பக்கத்து வீட்டு பீரோவும் திறந்துகொண்டது. அதையும் பூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார், தனிக் கூலி கேட்கவில்லை.

அவரிடம் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, பொய் சொல்ல வராது. வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்கிறார்கள், சின்ன விஷயத்தில் நாக்கு புரண்டால் பெரிய விஷயத்தில் யார் நம்புவார்கள் என்பது அவர் கணக்கு. இரண்டாவது, தன் கடைக்கு அவரிடம் சாவி கிடையாது. ஊருக்கெல்லாம் சாவி வெட்டியவருக்குத் தனக்கு ஒன்று வெட்ட நேரம் அமையவில்லை. காலையில் சட்டைப் பையிலிருந்து ஒரு வளைந்த கம்பியை எடுப்பார். ஷட்டர் பூட்டு திறக்கும். முப்பது வருஷமாக அப்படித்தான்.

தொழிலுக்கு விளம்பரம் என்று பார்த்தால் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். அதில் அவருடைய போன் நம்பர் மட்டும் இருக்கும். வேலை பார்த்த வீட்டுக் கேட்டில் ஒன்று, தன் ஷட்டரில் ஒன்று ஒட்டுவார். பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் மனைவியின் தம்பி வந்தான். முப்பத்தைந்து வயது ஆள். எதைப் பார்த்தாலும் "இது பழசு, அப்டேட் பண்ணணும்" என்பான். அதனால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் அப்டேட்.

"அத்தான், இன்னும் ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டா திரியிறீங்க?"

"பசை நல்லா ஒட்டுது மாப்ளே. எதுக்கு மாத்தணும்?"

"வீட்டு வாசல்ல சாவி இல்லாம நிக்கிறவன் இப்பல்லாம் பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட கேக்க மாட்டான் அத்தான். போனை எடுத்துத் தேடுவான். போன்ல நீங்க இல்லைன்னா உலகத்துலயே இல்லைன்னு அர்த்தம்."

"நான் இங்கதானடா உக்காந்திருக்கேன்."

"அது உங்களுக்குத் தெரியும். போனுக்குத் தெரிய வேணாமா?"

ஒரே வாரத்தில் அப்டேட் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். போனில் திறக்கிற மாதிரி ஓர் இணையதளம். அதில் சாவிக்காரர் சிரிக்காமல் நிற்கிற படம். ஊரிலுள்ள கடைகளையெல்லாம் மேப்பில் காட்டுகிற ஒரு ஆப்பில் அவர் கடையும் சேர்ந்தது. பலன் உடனே தெரிந்தது. இதுவரை அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். ஒருத்தர் விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்து, பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அவர் தொலைக்கவில்லை, கடையைப் பார்க்கிற ஆசையில் சொன்னார் என்று பிற்பாடு தெரிந்தது.

"பாத்தீங்களா, என் தம்பி மூளைய!" என்றாள் மனைவி.

சாவிக்காரரும் ஒப்புக்கொண்டார். பொய் சொல்லத்தான் அவருக்கு வராதே.

அந்த ஆப்புக்கு ஒரு குணம் இருந்தது. தினமும் ஒன்றேகால் மணிக்கு 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டு, "உங்கள் கடை இப்போது திறந்திருக்கிறதா?" என்று கேட்கும். கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை சாவிக்காரருக்குச் சாப்பாட்டு நேரம். பாதி ஷட்டர் திறந்திருந்தால் அந்தச் சந்தில் கையை விட்டுச் சாவியை நீட்டுகிற ஆட்கள் உண்டு என்பதால், முழுசாக இறக்கி உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறப்பார். அந்த நேரம் பார்த்துப் போன் கேட்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, இறக்கியிருக்கிற ஷட்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, "இல்லை" என்பதை அமுக்குவார். "உங்கள் நேர்மைக்கு நன்றி" என்று வரும். அவருக்கும் அது பிடித்திருந்தது. முப்பது வருஷத்தில் அப்படி ஒருத்தரும் சொன்னதில்லை.

இருபத்தோரு நாள் கேட்டது. இருபத்தோரு நாளும் உண்மையைச் சொன்னார்.

இருபத்திரண்டாம் நாள் கேட்கவில்லை. கும்பிடுகிற இரண்டு கையின் படம் வந்தது. "நீங்கள் அளித்த தகவலின்படி இந்தக் கடை நிரந்தரமாக மூடப்பட்டதாகப் பதிவு செய்துள்ளோம். இத்தனை ஆண்டு சேவைக்கு நன்றி."

அவர் அதைப் படித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ஏதோ வேறு கடைக்கு வந்தது தவறி வந்துவிட்டது என்று நினைத்தார்.

மறுநாள் ஒரு அம்மா கையில் போனோடு வந்து கடைக்கு நேர் எதிரே நின்றாள். போனைப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"இங்க ஒரு சாவிக்கடை இருந்துச்சாமே?"

"இதாம்மா. வாங்க."

"மூடிட்டாங்கன்னு போட்டிருக்கே."

"திறந்துதாம்மா இருக்கு. நான்தான் நிக்கிறேனே."

"நீங்க யாரு?"

"சாவிக்காரர்."

அந்த அம்மா போனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். சிவப்பு எழுத்தில், நிரந்தரமாக மூடப்பட்டது. "பாவம், நல்ல மனுஷன்னு எழுதியிருக்காங்க. அவரு போனதும் நீங்க வந்து உக்காந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடையைக் கட்டினாள்.

அன்றைக்கு ஒன்பது பேர் அப்படிப் போனார்கள். வாரக் கடைசியில் லாண்டரிக்காரரே எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மூடிட்டீங்களாமே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று வருத்தப்பட்டார். சாவிக்காரர் அப்போது அவருக்குத்தான் ஒரு சாவி வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி வழிச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்து, அவரே கதவைத் திறந்ததில் கொஞ்சம் ஏமாந்து, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

"ஒரு நாளாவது ஆமான்னு அமுக்கித் தொலைக்கக் கூடாதா நீங்க?" என்றாள் மனைவி.

"ஷட்டரை இறக்கி வச்சுக்கிட்டு ஆமான்னு எப்படிடி சொல்றது?"

"உலகத்துல உண்மையச் சொல்றதுக்கு வேற ஆளே கிடைக்கலையா? போன்கிட்டயா போய்ச் சொல்லணும்?"

அப்டேட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அவன் போனை நோண்டினான், உதட்டைப் பிதுக்கினான்.

"கடை திறந்திருக்குன்னு கடைக்காரர்தான் சொல்ல முடியும் அத்தான்."

"சொல்லிட்டாப் போச்சு."

"கடையே இல்லைன்னு ஆயிடுச்சே. இல்லாத கடைக்குக் கடைக்காரர் எங்கேருந்து வருவார்? நீங்கதான் அவர்னு முதல்ல நிரூபிக்கணும். கடை விலாசத்துக்குத் தபால்ல ஒரு ரகசிய நம்பர் அனுப்புவாங்க."

பதினாலு நாள் காத்திருந்தார். இதற்குள் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட முடியாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக வேலை தேடிப் போகத் தொடங்கியிருந்தார். கூப்பிடாமல் வந்து பூட்டுத் திறக்கட்டுமா என்று கேட்கிறவரை யார் உள்ளே விடுவார்கள்? ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

கடைசியில் தபால்காரர் வந்தார். கவரைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்கண்ணே. விலாசத்துல கடை இல்லைன்னு காட்டுது. திருப்பி அனுப்பணும்."

"இருபது வருஷமா என்கிட்டதானே தபால் குடுக்கிறீங்க!"

"நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்ணே. இந்தக் கவருக்குத் தெரியாதே." கண் கலங்கத்தான் சொன்னார். கவரை மட்டும் கொடுக்கவில்லை.

இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. கடைக்காரர் தன் கடையைத் தானே திறப்பதை வீடியோ எடுத்து, வாடகை ஒப்பந்தத்தோடு அனுப்பலாம். அப்டேட் காலையில் வந்து போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இயல்பா இருங்க அத்தான். தினமும் எப்படித் திறப்பீங்களோ அப்படியே திறங்க."

அவர் இயல்பாகவே இருந்தார். சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்தார், பூட்டுக்குள் விட்டார், கண்ணை மூடித் திருகினார். பூட்டு திறந்தது. ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கேமராவைப் பார்த்து, இணையதளப் படத்தில் நிற்பது போலவே சிரிக்காமல் நின்றார். வீடியோ போய்ச் சேர்ந்தது. அப்டேட்டும் அவரும் பார்த்துப் பெருமைப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. அவன் ஒருத்தன்தான் பெருமைப்பட்டான்.

பதில் அரை மணியில் வந்தது. "மூடப்பட்ட கடை ஒன்றை அடையாளம் தெரியாத நபர் கம்பியால் திறப்பது வீடியோவில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. ஒப்பந்தத்திலுள்ள கட்டட உரிமையாளருக்குத் தகவல் தெரிவித்துவிட்டோம். விழிப்புணர்வுக்கு நன்றி."

"சாவி எங்க அத்தான்?" என்றான் அப்டேட், சுரத்தில்லாமல்.

"என்னைக்கு இருந்துச்சு?"

இரண்டு நாள் கழித்து, அவர் வேலை தேடி இரண்டு தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கடை மூடப்பட்டதாகப் பதிவான பிறகு அதுதான் முதல் அழைப்பு.

"சாவிக்காரரா? ஷட்டர்ல மஞ்சள் ஸ்டிக்கர் ஒண்ணு இருந்துச்சு, அதுல பாத்து அடிக்கிறேன். ஒரு காலிக் கடைக்குப் பூட்டு மாட்டணும்."

"இதோ வந்துட்டேன் சார். எந்த இடம்?"

"லாண்டரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவுல."

எங்கேயோ கேட்ட இடமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அவர் ஓடினார். பாதி வழியில்தான் உறைத்தது. ஓட்டத்தை நிறுத்தவில்லை.

கடை வாசலில் கட்டடக்காரர் நின்றிருந்தார். கடையை வாடகைக்கு விட்டது அவருடைய அப்பா. இவர் வேறு ஊரில் இருப்பவர், முகம் பார்த்துப் பழக்கமில்லை.

"சார், இது என் கடைதான் சார். முப்பது வருஷமா."

கட்டடக்காரர் கோபப்படவில்லை. போனை நீட்டினார். "கடை திறந்திருக்கான்னு இருபத்தோரு தடவை கேட்டிருக்காங்க. இல்லைன்னு சொன்னது நீங்களா, வேற யாராவதா?"

பொய் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வாழ்க்கையில் வாய்த்ததில்லை. வாயைத் திறந்தார். மூடினார்.

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன பெரியவரே? புதுசா வர்றவங்களுக்குக் கடையைப் பேசி முடிச்சாச்சு. உள்ள இருக்கிற சாமானை மாசக் கடைசில வந்து எடுத்துக்குங்க. இப்ப நல்ல பூட்டா ஒண்ணு மாட்டுங்க. கம்பியால திறக்கிற திருட்டுப்பய ஒருத்தன் இந்தப் பக்கம் சுத்துறானாம்."

பையில் நாலு பூட்டு இருந்தது. மூன்று, அவர் தும்மினால்கூடத் திறந்துகொள்ளும். அதில் ஒன்றை மாட்டியிருக்கலாம். ஆனால் ஒருத்தர் நல்ல பூட்டு கேட்ட பிறகு மட்டமானதைக் கொடுத்துப் பழக்கமில்லை. பதினொரு வருஷம் செய்த அந்த நாலாவதை எடுத்தார். கொக்கியில் எண்ணெய் விட்டார், மாட்டினார், இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு சாவியையும் கட்டடக்காரர் கையில் கொடுத்தார். அவர் கூலியோடு நல்ல வார்த்தையும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

சாவிக்காரர் படியில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கம்பியை எடுத்து ஒருமுறை விட்டுப் பார்த்தார். இருமியும் பார்த்தார். தன் வேலை எவ்வளவு சுத்தம் என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. சாப்பாட்டு டப்பா உள்ளே இருந்தது.

ஒன்றேகால் மணிக்கு, நெடுநாள் கழித்து, 'டிங்' என்றது. "உங்கள் கடை இப்போது திறந்திருக்கிறதா?"

தலையைத் திருப்பிப் பூட்டைப் பார்த்தார். இல்லை என்று அமுக்கினார். ஒரு தங்க நட்சத்திரம் சுழன்று வந்தது. "தொடர்ந்து சரியான தகவல் தருபவர்."

மனைவி கூப்பிட்டாள். "சாப்பிட்டாச்சா?"

"இல்லை."

"மணி ஒன்றரை ஆகப்போகுது, ஏன்?"

"கடை மூடியிருக்கு" என்றார் சாவிக்காரர்.

சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய்த்தான் விசாரிக்க வேண்டும், போன் போட்டுப் பிரயோஜனமில்லை. அந்தத் தெருவில் எந்தப் போனுக்கும் இன்றுவரை சிக்னல் கிடைத்ததில்லை.