மலைக்குப் போட்ட ஜெட்டு

போடிமெட்டு மலைப்பாதை வளைவில் பைக்கோடு விழுந்ததிலிருந்து ராஜாராமுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பந்தயத்தில் ஓட்டிய டூ-ஸ்ட்ரோக் பைக்கை, மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் விஜயபாண்டிக்குக் கொடுத்துவிட்டான். அவனோ மறுநாளே அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றான்.

“கீழ நல்லாத்தான் ஓடுச்சுண்ணே. மேல ஏற ஏறத் திக்குது, ஒரே புகை. பிளக்கும் கரியா நனைஞ்சு கெடக்கு.”

“மேல காத்து கம்மி தம்பி. பெட்ரோல் மிஞ்சிப்போகுது. பெட்ரோல் விடுற ஜெட்டைச் சின்னதாப் போடணும்.”

சக்கர நாற்காலியிலிருந்து அவனால் எட்ட முடியவில்லை. அவன் சொல்லச் சொல்ல, மனைவி ரேணுகாதான் கார்புரேட்டரைக் கழற்றி, துளை சிறிதான ஜெட்டை மாட்டினாள்.

“ஒருக்கா உதைச்சுப் பாப்பமாங்க? நீங்க சத்தம் கேட்டு எம்புட்டு நாளாச்சு.”

“வேணாம். இது மலைக்குப் போட்ட ஜெட்டு. கீழ ஓட்டுனா பெட்ரோல் பத்தாம இஞ்சின் சூடேறிப் பிடிச்சிரும்.”

நிறுத்திவைத்து உதைத்தால் ஒன்றும் ஆகாது என்று ரேணுகாவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் வற்புறுத்தவில்லை.

சாயங்காலம் மலையிலிருந்து விஜயபாண்டி போன் செய்தான். “கேளுங்கண்ணே!” என்று பைக்கை முறுக்கினான். திக்கல் இல்லாத அந்தச் சத்தத்தை ராஜாராம் கண்ணை மூடிக் கேட்டான்.

“சரியாயிருச்சு தம்பி. வளைவுல பாத்துப் போ.”

போனை வைத்ததும் அவன் தோள்கள் குலுங்கின. ரேணுகா கிரீஸ் போகாத கையால் அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.