சோடாக்காரர் இறங்கிய நிலவறை

பொன்னழகைத் தாடிக்கொம்புத் திருவிழாவில் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா மொக்கைச்சாமி திண்டுக்கல்லில் கோலி சோடாக் கம்பெனி நடத்தியவர். நானோ சிறுமலையில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பழைய பங்களாவுக்குக் காவல்காரன். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகத்தைச் சுளித்தார்.

"வாரதே ஒரு பஸ்ஸு. இம்புட்டு ஒசரத்துல பொண்ணக் குடுத்துட்டு நான் எப்படித் தம்பி வந்து பாக்குறது?"

அம்மா காபி கொண்டுவந்தாள். அவர் தொடவில்லை. சம்மதம் சொல்லாத வீட்டில் பச்சைத்தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. ஆடை படிந்துகொண்டிருந்த காபியைப் பார்த்து எனக்கு அழுகை முட்டியது.

திரும்புகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சும்மா உட்கார்ந்தால் கால் வலி, மலை ஏற்றம் என்று குறைதான் சொல்லுவார்.

"கீழ ஒரு நிலவறை இருக்கு, பாக்குறீகளா? துரையோட தாத்தா கட்டுனது. நுரை பொங்குற சீமை ஒயின் அடுக்கியிருக்கு" என்றேன். ஊரெல்லாம் மதுவிலக்கு, துரைக்கு மட்டும் பர்மிட் இருந்தது.

"பொங்குமா? அப்ப உள்ள கேஸ் இருக்குமே" என்று எழுந்துவிட்டார்.

உள்ளே சில்லென்று இருந்தது. மனுஷன் சின்னப்பிள்ளையாகிவிட்டார். பாட்டிலைத் தட்டினார், லாந்தர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தக்கையின் கம்பிக்கட்டை முறுக்கி அவிழ்த்தார்.

"அவுக்காதீக, துரை வைவாரு."

"சோடாக்காரனுக்கே சொல்லித் தாரியா" என்று, கோலியை அமுக்குவதுபோலத் தக்கையைக் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினார்.

விரல் வழுக்கியது. டமார் என்று தக்கை பறந்து, கூரையில் மோதி, என் மண்டையில் விழுந்தது. நுரை பீறிட்டது. முப்பது வருஷத் தொழில் பழக்கம், பொங்குகிற பாட்டிலை அவர் அப்படியே வாயை வைத்து மூடினார். மடக் மடக்கென்று உள்ளே போனது.

சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா படியிலேயே நின்று குலவை போட்டாள்.

"வாயில பட்டுருச்சுல்ல அண்ணே. பரிசத்துக்கு நாள் பாருங்க."

"இது கணக்குல சேராது தங்கச்சி, இது..." என்றவருக்கு விக்கல் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. மீசையெல்லாம் நுரையோடு அவர் சிரிக்க, நானும் சிரிக்க, அம்மாவுக்குக் குலவையே சிரிப்பாகிவிட்டது.

ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அவர் அசையாமல் பாட்டிலைக் காதில் வைத்து உள்ளே நுரை அடங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸு போகுதுங்க" என்றேன்.

"போகட்டும் மாப்ள. காபி இருக்கா?"